அலுவல் மிகுந்த டிசம்பரில் உள்ளத்தை ஆயத்தப்படுத்துதல்: வேலூர்ப் பகுதிச் சபைகளுக்குப் புதிதாக வந்தோருக்கு ஒரு வழிகாட்டி

வேலூர், காட்பாடி, இராணிப்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் வட்டாரங்களில் அண்மையில் ஒரு கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தவர்கள், கிறிஸ்தவக் குடும்பத்தில் மணமாகி வந்தவர்கள், படிப்புக்கோ வேலைக்கோ இங்கே குடிவந்து முதன்முறையாக வீட்டாரைப் பிரிந்து கிறிஸ்துமஸைச் சந்திக்கப் போகிறவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. பல ஆண்டுகளாகப் பண்டிகை கொண்டாடி வருபவர்களுக்கும் இதில் சில செய்திகள் பயன்படலாம்; ஆனால் அவர்களுக்கு முன்பே தெரிந்தவற்றையும் புதியவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பகுதியில் டிசம்பர் மாதம் எப்படிக் கழியும் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. மாதம் பிறந்ததும் வாசல்களில் காகித நட்சத்திரங்கள் ஏறிவிடும். அடுத்த சில நாட்களில் வாலிபர் ஐக்கியத்தாரும் பாடகர் குழுவினரும் இரவுதோறும் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடிக்கொண்டு வீடுவீடாகக் கேரல் ரவுண்ட்ஸ் கிளம்புவார்கள். அதே நாட்களில்தான் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வும் நடக்கும். ஞாயிறு பள்ளி விழா, பெண்கள் ஐக்கிய விழா, அலுவலகக் கிறிஸ்துமஸ், கீத ஆராதனை என்று மாலைப் பொழுதுகள் நிரம்ப, நடுவே துணி எடுப்பதும் பலகாரம் சுடுவதும் வீட்டுக்கு வெள்ளையடிப்பதும் தொடரும். இவற்றில் எதுவும் தீயதன்று. ஆயினும் இருபத்தைந்தாம் தேதி விடியற்கால ஆராதனையில் அமர்ந்திருக்கும்போது தூக்கம் கண்ணைச் சுழற்றுவதைத் தவிர வேறெதையும் உணராதவர்கள் நம்மில் பலர் இருக்கிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இந்த நெருக்கடிக்குத் தீர்வாக இன்னும் சில கூட்டங்களையும் இன்னும் சில உபவாச நாட்களையும் சேர்த்துக்கொள்ளும்படி சொல்பவர்கள் உண்டு. அது எனக்குச் சரியாகப் படவில்லை. நிரம்பி வழியும் மாதத்தில் பக்தியின் பெயரால் மேலும் வேலையைத் திணித்தால், அதுவும் முடிக்க வேண்டிய வேலைகளின் பட்டியலில் ஒன்றாகிவிடும். லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில், கர்த்தருக்கு வழியை ஆயத்தப்படுத்தச் சொன்ன தீர்க்கதரிசியான யோவான் ஸ்நானனிடம் மக்கள் வந்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். உடை, உணவு, வரி, சம்பளம் ஆகிய நான்கைப் பற்றியே அவர் விடை சொல்கிறார். மன உருக்கத்தைப் பற்றி அவர் பேசவில்லை. ஆகையால் உருக்கம் வரவில்லையே என்று புதியவர்கள் கலங்க வேண்டியதில்லை. செய்யக்கூடியவற்றைச் செய்தால் போதும் என்ற துணிவோடு கீழ்க்கண்ட படிகளைத் தொடங்கலாம்.

முதற்படி: காலத்தை அறிந்துகொள்ளுங்கள்

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை உள்ளடக்கிய ஆயத்தக் காலத்தைத் தென்னிந்தியத் திருச்சபையினரும் லுத்தரன் சபையினரும் அட்வெந்து என்றும், கத்தோலிக்கர் திருவருகைக் காலம் என்றும் வழங்குகிறார்கள். நவம்பர் 30-ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிற்றுக்கிழமை அது தொடங்கும். அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஏதேனும் ஒரு நாளில். 2026-ஆம் ஆண்டில் அது நவம்பர் 29. டிசம்பர் 24-ஆம் தேதியோடு முடிவதால் இக்காலம் ஆண்டுக்கேற்ப 22 முதல் 28 நாட்கள் வரை நீளும். பீடத்து விரிப்பும் குருவானவரின் மேலாடையும் ஊதா நிறத்தில் இருக்கும்; கத்தோலிக்க ஆலயங்களில் மூன்றாம் ஞாயிறன்று மட்டும் இளஞ்சிவப்பு நிறத்தைக் காணலாம். பசுமை வளையத்தில் நான்கு மெழுகுவர்த்திகளை வைத்து ஞாயிறுதோறும் ஒன்றைக் கூடுதலாக ஏற்றும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியிலிருந்து பரவியது. அதை வீட்டில் செய்ய விரும்பினால் ஒரு தாம்பாளமும் நான்கு மெழுகுவர்த்திகளும் போதும். கடைகளில் விற்கும் அலங்கார வளையம் தேவையில்லை.

முதல் ஞாயிறன்று ஆலயத்துக்குப் போகும் புதியவருக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. பெத்லகேமையும் மாட்டுத் தொழுவத்தையும் பற்றிய வாசிப்பை எதிர்பார்த்துப் போனால், கிறிஸ்து மறுபடியும் வரப்போவதையும் விழித்திருக்க வேண்டியதையும் பற்றியே அன்று வாசிப்பார்கள். இரண்டாம், மூன்றாம் ஞாயிறுகளில் பெரும்பாலான மரபுகள் யோவான் ஸ்நானனை முன்னிறுத்துகின்றன; மரியாளும் யோசேப்பும் நான்காம் ஞாயிறன்றுதான் வருகிறார்கள். வந்தவரை நினைப்பதும் வரப்போகிறவருக்காகக் காத்திருப்பதும் ஒன்றாகப் பின்னப்பட்ட காலம் இது என்பதை அறிந்திருந்தால் அந்த வாசிப்புகள் குழப்பமாகத் தோன்றா. பெந்தெகொஸ்தே சபைகள் பெரும்பாலும் இக்காலத்தைத் தனியாக அனுசரிப்பதில்லை. அச்சபைகளைச் சேர்ந்தவர்கள் கீழே சொல்லப்படும் வாசிப்பையும் மற்றப் படிகளையும் வீட்டளவில் பின்பற்ற எந்தத் தடையும் இல்லை.

இரண்டாம் படி: நவம்பர் இறுதியில் ஒரு தாளை எடுத்து உட்காருங்கள்

நவம்பர் கடைசி வாரத்தில் ஒரு மாலை வீட்டிலுள்ள அனைவரும் சேர்ந்து உட்கார்ந்து, டிசம்பர் மாத நாட்களை ஒரு தாளில் எழுதி, தெரிந்த நிகழ்ச்சிகள் எல்லாவற்றையும் அதில் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தேர்வு நாட்கள், மருத்துவமனையில் பணிபுரிபவரின் ஷிப்ட், தோல் தொழிற்சாலைக்கோ ஷூ கம்பெனிக்கோ போகிறவரின் வேலை நேரம், சபை நிகழ்ச்சிகள், உறவினர் வீட்டு விசேஷங்கள் என எல்லாமே அதில் வரட்டும். பிறகு, எதை விடலாம் என்ற கேள்வியைக் கேளுங்கள். ஒவ்வொரு வாரத்திலும் குறைந்தது ஒரு மாலையாவது ஒன்றும் எழுதப்படாமல் இருக்க வேண்டும். அந்த மாலைக்கு யார் அழைத்தாலும், அது சபை நிகழ்ச்சியாகவே இருந்தாலும், ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லலாம். அது பொய்யாகாது.

மறுக்கத் தெரியாமல் தவிப்பது புதியவர்களுக்கு இயல்பு. சபையில் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்களோ என்ற அச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, பிறகு பாதியில் நின்றுபோவதைவிட முதலிலேயே அளவாக ஒப்புக்கொள்வது மேல். “போதகர் ஐயா, இந்த வருஷம் இரண்டு ராத்திரி மட்டும் ரவுண்ட்ஸுக்கு வருகிறேன், மற்ற நாட்களில் பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது” என்று நேராகச் சொன்னால் வருத்தப்படுகிற போதகர் அரிது.

கடைவேலையை இயன்றவரை நவம்பரிலேயே முடித்துவிடுங்கள். தீபாவளித் தையல் ஓய்ந்த பிறகு தையல்காரர்களுக்குச் சற்று மூச்சுவிட நேரமிருக்கும். லாங்கு பஜாரிலும் டிசம்பர் மூன்றாம் வாரத்து நெரிசல் அப்போது இராது. செலவைப் பற்றியும் அன்றே பேசிவிடுவது நல்லது. எவ்வளவு செலவிடலாம் என்பதைத் தொகையாகவே எழுதுங்கள். நகையை அடகு வைத்தோ வட்டிக்கு வாங்கியோ கொண்டாடும் பண்டிகை ஜனவரியில் வீட்டின் அமைதியைத் தின்றுவிடும்; தொழுவத்தில் பிறந்தவரின் நாளைக் கொண்டாடக் கடன் வாங்க வேண்டும் என்று எந்தச் சபையும் கற்பிக்கவில்லை.

மூன்றாம் படி: நாளுக்கு நான்கு வசனம்

டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரமாக லூக்கா நற்செய்தியின் 24 அதிகாரங்களையும் 24-ஆம் தேதிக்குள் வாசித்து முடிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. அது நல்ல பழக்கமே. ஆனால் முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனங்கள் இருக்கின்றன. புதியவர் முதல் நாளிலேயே திணறி, மூன்றாம் நாள் விட்டுப்போய், ஐந்தாம் நாள் குற்ற உணர்ச்சியோடு நிறுத்திவிடக்கூடும். மிக மெதுவான ஒரு வாசிப்பை நான் பரிந்துரைக்கிறேன். முதல் அதிகாரத்தின் 80 வசனங்களை நாளுக்கு நான்கு வீதம் வாசித்தால் டிசம்பர் 20-ஆம் தேதி அந்த அதிகாரம் முடியும். 21 முதல் 24 வரை நாளுக்கு ஐந்து வசனமாக வாசித்தால், மேய்ப்பர்கள் திரும்பிப் போகும் இரண்டாம் அதிகாரத்தின் 20-ஆம் வசனத்தில் கிறிஸ்துமஸ் முன்னிரவன்று வந்து நிற்பீர்கள்.

நான்கு வசனங்களை வாசிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. மீதி நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. முதலில் கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். வேதாகமச் செயலியில் வாசிப்பவர்களும் இந்த ஒரு மாதத்துக்காவது அச்சிட்ட புத்தகத்துக்குத் திரும்புவது நல்லது. வசனங்களை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள். சற்றுப் பொறுத்து இரண்டாம் முறை மெதுவாக வாசித்து, எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அங்கே நின்றுவிடுங்கள். அந்தச் சொல்லைக் குறித்துக் கடவுளிடம் ஓரிரு வாக்கியங்கள் பேசுங்கள். அழகான சொற்கள் தேவையில்லை, வீட்டில் பேசும் தமிழே போதும். பிறகு பத்து நிமிடம் பேசாமல் இருங்கள். இந்தப் பத்து நிமிடம்தான் கடினமானது. சமையலறையில் எரிவாயு தீர்ந்துபோனது முதல் அலுவலகக் கணக்குவரை எல்லாம் அப்போதுதான் நினைவுக்கு வரும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும், மேலே எவ்வளவு காய்ந்து கிடந்தாலும் கைவைத்துத் தோண்டிவிட்டுச் சற்றுக் காத்திருந்தால்தான் நீர் சுரக்கும் என்பதும், அவசரப்பட்டுக் கலக்கினால் சேறுதான் வரும் என்பதும். நினைவுகளை விரட்டவும் வேண்டாம், பின்தொடரவும் வேண்டாம். மீண்டும் அந்தச் சொல்லுக்குத் திரும்பி வந்தால் போதும்.

லூக்காவின் முதல் அதிகாரமே இந்த மௌனத்துக்குத் துணை நிற்கிறது. தேவாலயத்தில் தூபங்காட்டப் போன சகரியா, தமக்கு யோவான் பிறப்பான் என்று தூதன் சொன்னதை நம்பாமல் பேச்சிழந்து, பிள்ளை பிறந்து பெயரிடும் நாள்வரை ஊமையாகவே இருக்கிறார். கர்ப்பவதியான அவர் மனைவி எலிசபெத்து ஐந்து மாதம் ஒளிந்திருக்கிறார். மரியாள் யூதேயாவின் மலைநாட்டுக்குப் பயணம் போய் ஏறக்குறைய மூன்று மாதம் அவரோடு தங்குகிறார். அதிகாரம் முழுவதும் காத்திருப்பவர்களால் நிறைந்திருப்பதை, நாளுக்கு நான்கு வசனமாக நீங்களும் காத்திருந்து வாசிக்கும்போது கவனிப்பீர்கள். மரியாளின் பாடலும் சகரியாவின் பாடலும் வரும் நாட்களில் அவற்றை மனப்பாடம் செய்ய முயலலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் செய்துவிடுவார்கள்.

எந்த நேரத்தில் செய்வது என்பதை உங்கள் வேலை தீர்மானிக்கட்டும். விடியற்காலையே உத்தமம் என்று சொல்வார்கள். ஆனால் இரவுப் பணி முடித்து வரும் செவிலியருக்கு அது பொருந்தாது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு நாள்தோறும் ரயிலில் போய்வருபவர் அந்தப் பயணத்தையே பயன்படுத்தலாம். ஒரு நாள் தவறினால் மறுநாள் எட்டு வசனமாக ஈடுகட்ட முயல வேண்டாம். அன்றைய நான்கையே வாசியுங்கள். குடும்ப ஜெபம் உள்ள வீடுகளில் இதையே மாலை வாசிப்பாக வைத்துக்கொண்டு, ஒரு நாள் தந்தை, ஒரு நாள் பிள்ளை, ஒரு நாள் பாட்டி என்று முறை வைத்து வாசிக்கலாம். நீண்ட ஜெபங்களைத் தேர்வு நாட்களில் சுருக்கிக்கொண்டால் பிள்ளைகள் நன்றியோடு நினைப்பார்கள்.

நான்காம் படி: கணக்குகளை நேர்செய்யுங்கள்

முன்பு குறிப்பிட்ட லூக்கா மூன்றாம் அதிகாரத்தின் 10 முதல் 14 வரையுள்ள வசனங்களை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் தனியாக எடுத்து வாசியுங்கள். இரண்டு அங்கிகளையுடையவன் இல்லாதவனுக்குக் கொடுக்கவும், உணவுள்ளவன் அவ்வாறே செய்யவும் யோவான் சொல்கிறார். வரி வசூலிப்பவர்களைக் கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதிருக்கவும், போர்ச்சேவகர்களை ஒருவரையும் மிரட்டிப் பறிக்காமல் தங்கள் சம்பளத்தில் நிறைவாயிருக்கவும் பணிக்கிறார். அவரவர் தொழிலுக்குள்ளேயே அவரவருக்கு விடை கிடைக்கிறது. யாரையும் வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை.

இதை நம் வாழ்க்கைக்குக் கொண்டுவரும்போது சில கணக்குகள் எளிதில் அகப்படும். அலமாரியைத் திறந்து, நன்றாக இருந்தும் நீங்கள் உடுத்தாத துணிகளைத் துவைத்து மடித்துக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுப்பது தானமாகாது. வீட்டுவேலைக்கு வரும் அம்மாவுக்கும், துணி தைத்தவருக்கும், வெள்ளையடித்தவருக்கும் தரவேண்டிய கூலியை டிசம்பர் 20-ஆம் தேதிக்குள் முழுமையாகக் கொடுத்துவிடுங்கள். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடத்தில் இருக்கக்கூடாது என்று லேவியராகமம் கட்டளையிடுகிறது; பண்டிகை முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் சொல்லும்போது, அவர்கள் வீட்டுக்கும் ஒரு பண்டிகை இருக்கிறது என்பதையோ, இன்னும் சில வாரங்களில் பொங்கல் வருகிறது என்பதையோ மறந்துவிடுகிறோம். கடை வைத்திருப்பவர்கள் எடையையும் விலையையும், கடன் கொடுத்தவர்கள் வட்டியையும், அதிகாரத்தில் இருப்பவர்கள் தம் மேசைக்கு வந்து நிலுவையில் கிடக்கும் மனுக்களையும் ஒருமுறை பார்க்கலாம்.

பணக் கணக்கைவிடக் கடினமானது மனிதக் கணக்கு. பலிபீடத்தண்டையில் காணிக்கையைக் கொண்டுவந்த இடத்தில், உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு மலைப்பிரசங்கத்தில் சொல்கிறார். சொத்துப் பங்கில் பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பிகள், திருமணத்துக்கு அழைக்கவில்லை என்று விலகிய சித்தப்பா வீடு, சபைக் கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு எதிரெதிர் வரிசையில் அமரும் இரண்டு குடும்பங்கள் என, நம் ஊர்களில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. இத்தகையவர்களில் ஒருவரை மட்டும் இந்த ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துச் செய்தியைக் கைப்பேசியில் அனுப்புவதோடு நிறுத்திவிடாமல், முடிந்தால் நேரில், பலகாரத் தட்டு எதுவும் இல்லாமல், வெறுங்கையோடு போங்கள். தட்டோடு போனால் பேச்சு தட்டைப் பற்றியே முடிந்துவிடும். “சித்தப்பா, போன வருஷம் நான் பேசினது தப்பு, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள்” என்ற அளவுக்குச் சொன்னால் போதும். யார் தவறு எவ்வளவு என்ற விசாரணையை அன்று திறக்க வேண்டாம். அடித்துத் துன்புறுத்தியவரிடமோ ஏமாற்றிப் பறித்தவரிடமோ தனியே போய்ச் சமாதானமாக வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே பாதுகாப்பும் நியாயமும் முந்தியவை. அத்தகைய நிலையில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவரிடம் ஆலோசனை கேட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

கத்தோலிக்கர்கள், குருவானவரிடம் பாவங்களை அறிக்கையிடும் ஒப்புரவு அருட்சாதனத்துக்குக் கடைசி வாரம்வரை காத்திராமல், வரிசை குறைவாக இருக்கும் முன்வாரங்களிலேயே போவது நல்லது. எந்த நாட்களில் கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதைப் பங்குத்தந்தையிடம் கேட்டுக்கொள்ளலாம். மற்றச் சபையினருக்குத் திருவிருந்து ஆராதனையில் பொதுவான பாவ அறிக்கை உண்டு. அதை வேகமாகச் சொல்லிக் கடந்துவிடாமல், முந்தின நாள் இரவே அமர்ந்து, எவற்றை அறிக்கையிடப் போகிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போனால் அந்தச் சொற்களுக்கு எடை கூடும்.

ஐந்தாம் படி: சமையலறையைப் பகிர்ந்துகொள்ளுங்கள்

கிறிஸ்துமஸின் பாரம் பெண்களின் தோளில் ஏறுகிறது என்பதைச் சொல்லாமல் ஆவிக்குரிய ஆயத்தத்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முறுக்கு பிழிவதும் சோமாஸ் மடிப்பதும் அதிரசம் தட்டுவதும், இருபத்தைந்தாம் தேதி பிரியாணிக்கு வெங்காயம் அரிவதும், கேரல் பவனிக்கு வருகிற நாற்பது பேருக்கு நள்ளிரவில் காபி போடுவதும் யார் என்று பார்த்தால், வீட்டில் தியானிக்க நேரமில்லாதவர் யார் என்பதும் விளங்கும். தம்மை வீட்டில் உபசரித்தபோது பற்பல வேலைகளால் கலங்கிய மார்த்தாளை இயேசு கடிந்தார் என்று இத்தகைய பெண்களிடம் பிரசங்கிப்பவர்கள், மார்த்தாளுக்குப் பாத்திரம் துலக்கிக் கொடுக்க எழுந்தார்களா என்று தங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது எளியது. பலகார வகைகளை இரண்டாகக் குறையுங்கள். மீதியைக் கடையில் வாங்கினால் ஒருவரும் குறை சொல்லப் போவதில்லை, சொன்னாலும் பரவாயில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தட்டு அனுப்பும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அந்த வீடுகளிலிருந்து நமக்கு வந்தவற்றின் பதில் மரியாதை அது. மாவு பிசையவும் வீடு துடைக்கவும் ஆண்களும் பிள்ளைகளும் இறங்கட்டும். புதிதாக மணமாகி வந்த பெண், “அத்தை, ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் நான் உட்கார்ந்து வாசித்துவிட்டு வருகிறேன், அப்புறம் நீங்களும் போய் உட்காருங்கள்” என்று கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. முறை வைத்து உட்கார்வது என்ற ஏற்பாடு மாமியாருக்கும் பிடித்துப்போகும்.

ஆறாம் படி: சத்திரத்தில் தங்கியிருப்பவர்களை நினையுங்கள்

வேலூரில் வாழ்பவர்களுக்கு இந்தப் படி மற்ற ஊரார்க்கு வாய்க்காத ஒன்று. மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வருபவர்கள் காந்தி ரோட்டையும் பாபு ராவ் தெருவையும் சுற்றியுள்ள விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். அங்கே கடைப் பலகைகளில் வங்காள எழுத்தைக் காண்பது நமக்குப் பழகிப்போன ஒன்று. லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனத்தில், சத்திரத்திலே இடமில்லாததால் பிள்ளையை முன்னணையில், அதாவது தீவனத் தொட்டியில், கிடத்தினார்கள் என்று வாசிக்கும்போது, மொழி தெரியாத ஊரில் அறை கிடைக்குமா என்று பெட்டியோடு நிற்கும் குடும்பத்தை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை, பார்த்திருக்கிறோம்.

இந்த ஊரின் மருத்துவப் பணியே பிரசவத்தைப் பற்றிய ஒரு துயரத்திலிருந்துதான் பிறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நோயுற்ற தம் தாயைப் பார்க்கத் திண்டிவனத்துக்கு வந்திருந்த இளம்பெண் ஐடா ஸ்கடரிடம், ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியே வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்கும்படி வேண்டினார்கள். அவரோ அப்போது மருத்துவர் அல்லர். மருத்துவரான தம் தந்தையை அழைத்துப் போகும்படி அவர் சொல்ல, ஆண் என்பதால் அவர்கள் இசையவில்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பிறகு அமெரிக்காவில் மருத்துவம் படித்துத் திரும்பிய ஐடா 1900-இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. தொழுவத்தில் நடந்த பிரசவத்தைத் தியானிக்கும் நாளில் இந்த வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

உங்களால் செய்யக்கூடியவை சிறியவை. உங்கள் தெருவிலோ பக்கத்து விடுதியிலோ தங்கியிருக்கும் ஒரு குடும்பத்தை ஒரு வேளை உணவுக்கு அழைக்கலாம். நோயாளிக்கு எந்த உணவு ஆகும், எது ஆகாது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆட்டோ பேசவோ மருந்துக் கடையில் தமிழில் சொல்லவோ துணை நிற்கலாம். உடல்நிலை இடம் கொடுப்பவர்கள் இரத்த தானம் செய்யலாம். வார்டுகளுக்குள் கூட்டமாகப் போய்ப் பாட விரும்புவோர் மருத்துவமனையின் அனுமதியின்றிப் போகக் கூடாது. வேற்றுச் சமயத்தவரான நோயாளியின் பலவீனத்தைப் பிரசங்கத்துக்கான வாய்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் வாலிபர் ஐக்கியத்தாருக்கு நினைவூட்டுவது அவசியம்.

ஏழாம் படி: பவனியும் துக்க வீடும்

கேரல் ரவுண்ட்ஸுக்குப் போகிற இரவுகளில் பகலில் சற்றுத் தூங்குங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், பாடும் பாடலின் சொற்களைக் கவனித்துப் பாடுங்கள். இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. குழுவை நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த ஆண்டில் மரணம் நேர்ந்த வீடுகளில் நட்சத்திரம் கட்டாமலும் புதுத்துணி எடுக்காமலும் பண்டிகையை ஒதுக்கிவிடுவது நம் பகுதியில் பரவலான வழக்கமாக இருப்பதால், குழுக்கள் அந்த வீடுகளைத் தாண்டிப் போய்விடுகின்றன. தாண்டிப் போகாதீர்கள். மத்தளத்தையும் கிறிஸ்துமஸ் தாத்தாவையும் தெருமுனையில் நிறுத்திவிட்டு, நான்கைந்து பேர் மட்டும் உள்ளே போய், ஒரு சங்கீதத்தை வாசித்து, ஜெபித்து, அவர்கள் பேச விரும்பினால் கேட்டுவிட்டு வாருங்கள். துக்கத்தோடு இருக்கும் புதியவரே இதை வாசிப்பவராக இருந்தால், மகிழ்ச்சியாகத் தோற்றமளிக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை; மூன்றாம் படியில் சொன்ன நான்கு வசனங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எட்டாம் படி: இருபத்து நான்காம் தேதியும் அதன் பின்னும்

கத்தோலிக்க ஆலயங்களில் நள்ளிரவுத் திருப்பலியும், தென்னிந்தியத் திருச்சபை ஆலயங்கள் பலவற்றில் விடியற்கால ஆராதனையும் நடப்பதால், 24-ஆம் தேதி மாலைக்குப் பிறகு கடைத்தெருவுக்குப் போக வேண்டிய எதையும் மிச்சம் வைக்காதீர்கள். அன்று இரவு வேலையில் இருக்க நேர்ந்த செவிலியர், காவலர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், ரயில்வே ஊழியர் ஆகியோர் ஆராதனையைத் தவறவிட்டதாக வருந்த வேண்டாம். பிறப்பின் நற்செய்தி முதலில் அறிவிக்கப்பட்டது, அன்றிரவு வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டு வேலையில் இருந்தவர்களுக்கே.

பண்டிகை 25-ஆம் தேதியோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணுகிறார்கள். திருச்சபைக் கணக்கில் அது அன்றுதான் தொடங்கி, ஜனவரி 6-ஆம் தேதி ஞானிகளின் வருகையை நினைவுகூரும் நாள்வரை நீள்கிறது. டிசம்பரில் செய்ய முடியாமற்போன பலவற்றுக்கு இந்த நாட்களில் இடமிருக்கிறது. 26-ஆம் தேதியிலிருந்து மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் 23 வசனங்களை நாளுக்கு நான்காக வாசித்தால் ஆண்டின் கடைசி நாளன்று முடியும். ஏரோது மன்னனின் கொலைவெறியும் எகிப்துக்கு ஓடிய அகதிக் குடும்பமும் அதில் வருவதால், அலங்காரத் தொழுவத்தில் இல்லாத பகுதியையும் அறிந்துகொள்வீர்கள். பிள்ளைக்கு எட்டாம் நாளில் இயேசு என்று பெயரிட்ட லூக்கா 2:21 ஜனவரி முதல் தேதிக்கு உரியது. அடுத்த நாட்களில், குழந்தை இயேசுவைத் தேவாலயத்தில் கண்ட சிமியோனையும் முதியவளான அன்னாளையும் பற்றி வாசித்துவிட்டு, சபையில் நடக்க முடியாமல் வீட்டோடு இருக்கும் முதியவர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். டிசம்பர் முழுவதும் நட்சத்திர வெளிச்சத்தைச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

நான்காம் படியில் எடுத்துக்கொண்ட அந்த ஒருவரிடம் கிறிஸ்துமஸுக்குள் போக முடியாமல் போயிருந்தால், அல்லது போயும் அவர் கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், அதற்காக அடுத்த டிசம்பர்வரை காத்திருக்க வேண்டாம். பொங்கல் விடுமுறையில் வெளியூரில் இருப்பவர்களும் ஊருக்கு வருவார்கள். அப்போது இன்னொரு முறை போகலாம்.